அடி அண்ணாமலையின் உலோக எச்சங்கள்: போர்க்களத் தடயங்களை அடையாளம் காணும் முறை குறித்து

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் படைகள் வந்துபோகும் வழியாக இருந்ததால், அங்கு மண்ணிலிருந்து வெளிப்படும் ஈயக் குண்டையும் இரும்புத் துண்டையும் செப்புக் காசையும் போர்க்கால எச்சம் என்று கொள்ளும் போக்கு எளிதில் எழுகிறது. ஆனால் மலையின் மேற்குப் புறத்தில் கிரிவலப் பாதையில் அமைந்துள்ள அடி அண்ணாமலை போன்ற ஓர் ஊரில், அதே மண்ணின்மேல் தலைமுறை தலைமுறையாக அடியார்கள் நடந்திருக்கிறார்கள், பாரவண்டிகள் ஓடியிருக்கின்றன, ஏர் உழுதிருக்கிறது. ஆகவே பொருளின் உருவத்தை மட்டும் கொண்டு அதைப் போர்க்கள எச்சம் என்று முடிவுசெய்ய இயலாது என்பதும், அது கிடந்த மண் அங்கு எப்படி வந்தது, அதனோடு வேறு என்னென்ன கிடந்தன என்ற இரு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதற்குப் பெயரிட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

போர்களும் களமும்

அருணாசலேசுவரர் கோயிலின் உயர்ந்த மதில்கள் கருநாடகப் போர்களின்போது கோட்டையாகவே பயன்பட்டன. 1753இல் வேலூர்க் கோட்டைத் தலைவர் முர்தசா அலி கானும் மராட்டியத் தலைவர் முராரி ராவும் அதை முற்றுகையிட்டனர். 1757இல் அது பிரெஞ்சுப் படையின் கைக்கும் 1760இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் கைக்கும் மாறியது. 1760 ஜனவரி 22 அன்று, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த வந்தவாசியில் கும்பினித் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். முதல் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் மைசூரின் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து தொடுத்த தாக்குதலை முறியடித்த கும்பினியின் கர்னல் ஜோசப் ஸ்மித், அரிசித் தட்டுப்பாட்டினால் திருவண்ணாமலைக்கு நகர்ந்து, கர்னல் உட் அழைத்துவந்த படையோடு சேர்ந்துகொண்டு, அம்மாத இறுதியில் நடந்த அடுத்த போரில் கூட்டுப்படையைப் பீரங்கிகளை விட்டுவிட்டுப் பின்வாங்கச் செய்தார். அடுத்த பிப்ரவரியில் நிஜாம் கும்பினியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மூன்றாம் மைசூர்ப் போரில் ஐதரின் மகன் திப்பு சுல்தான் இந்த ஊரைப் பிடித்தார்.

இப்போர்களைப் பற்றிய படைத்துறைப் பதிவுகள் களத்தை ஒரு குன்றையும் ஒரு சதுப்பையும் சொல்லி அடையாளப்படுத்துகின்றனவே தவிர, இன்றைய சர்வே எண்களுக்குள் அடங்கும்படி வரையறுப்பதில்லை. எனவே களத்தின் எல்லையை மண்ணிலுள்ள பொருள்களைக் கொண்டே வரைய வேண்டியிருக்கிறது. அப்பொருள்களையோ, ‘இது போர்க்களம், ஆகவே இவை போர்ப் பொருள்கள்’ என்று முன்கூட்டியே பெயரிட்டுவிட்டால், எதை நிறுவ வேண்டுமோ அதையே சான்றாக வைக்கும் குற்றம் நேர்கிறது.

ஈயக் குண்டின் சாட்சியம்

போர்ப் பொருள்களுள் அளவிட்டு வகைப்படுத்த மிகவும் இடம் தருவது துப்பாக்கிக் குண்டாகும். கும்பினிச் சிப்பாய்கள் ஏந்திய ஆங்கிலத் துப்பாக்கியின் குழல்வாய் ஏறத்தாழ 19 மி.மீ.; குண்டு தடையின்றி உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காக அதைச் சற்றுச் சிறிதாக, 17.5 மி.மீ. அளவில், 31 கிராமை ஒட்டிய எடையில் வார்த்தனர். பிரெஞ்சுத் துப்பாக்கியின் குண்டு 16 மி.மீ. அளவும் 25 கிராமை ஒட்டிய எடையும் கொண்டது. எரியும் திரியைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் திரித்துப்பாக்கிகளோ ஓர் ஒழுங்கான அளவுக்குள் அடங்காதவை. மோதி நசுங்கிய குண்டின் விட்டத்தை நேரடியாக அளக்க முடியாது என்றாலும், ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11.3 கிராம் என்பதால், எடையிலிருந்தே மூல விட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

குண்டின் மேற்பரப்பும் பேசும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த ஈயத்தின்மேல் வெண்மையான கார்பனேட் படலம் படியும். இரு பாதி அச்சுகள் பொருந்திய வரியும், ஈயம் ஊற்றிய வாயை நறுக்கிய தழும்பும் தெளிவாக எஞ்சியிருந்தால் அது சுடப்படாத குண்டாக இருக்கக்கூடும். மருந்து கெட்டிக்கும்போது கைதவறி விழுந்த குண்டு படை நின்ற இடத்தையும், நசுங்கிய குண்டு இலக்கு இருந்த பக்கத்தையும் சுட்டும். எனினும் ஒற்றைக் குண்டு இவ்விரண்டில் எதையும் நிறுவாது.

மயக்கம் தரும் பொருள்கள்

ஈயத்தால் ஆன உருண்டை எல்லாம் படைக்குண்டு ஆகாது. ஏரி மீன்பிடிக்கும் வலைகளின் அடிக்கயிற்றில் கோத்த ஈயக் குண்டில் துளை இருக்கும். துளை நசுங்கி மண் அடைத்துக்கொண்டால் அது துப்பாக்கிக் குண்டைப் போலவே தோன்றும். நாட்டுத் துப்பாக்கியில் வேட்டையாடியோர் சிதறவிட்ட சில மில்லிமீட்டர் அளவேயான ரவைகள் பிற்காலத்தவை.

இரும்பில் மயக்கம் இன்னும் மிகுதி. பிளவுபட்ட குளம்பு என்பதால் மாட்டின் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு லாடத் தகடுகள் அடிக்கப்படுகின்றன. குதிரைக்கோ வளைந்த ஒரே லாடம். ஆணித்துளைகள் கொண்ட பாதிப் பிறை போன்ற ஒரு தகடு கிடைத்தால் அது மாட்டு லாடம் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அந்த மாடு கும்பினியின் பீரங்கியை இழுத்ததா, உழவனின் வண்டியை இழுத்ததா, தீபத் திருவிழாவுக்கு வந்த குடும்பத்தின் வண்டியை இழுத்ததா என்பதைத் தகடு சொல்லாது. அக்காலப் படைகளின் பீரங்கிகளை இழுத்தவை பெரும்பாலும் மாடுகளே என்பதால், பொருளைச் சரியாக இனங்கண்ட பின்னும் அதன் வரலாறு திறந்தே நிற்கிறது.

ஒருமுனை அடைபட்ட இரும்புக் குழாய் இதற்கு அடுத்த எடுத்துக்காட்டு. மைசூர் ராக்கெட்டுகள் இரும்புக் குழாயில் வெடிமருந்தைக் கெட்டித்து மூங்கில் கழியிலோ வாளிலோ கட்டி ஏவப்பட்டவை. லண்டனின் ஊலிச் பீரங்கி அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டு மாதிரிகளுள் ஒன்றின் குழாய் 58 மி.மீ. விட்டமும் 254 மி.மீ. நீளமும் கொண்டது. ஐதரின் தந்தை ஃபத் முகமது ஆர்க்காட்டு நவாபிடம் ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர் என்பதால், 1767ஆம் ஆண்டுக் களத்தில் இக்குழாய்களை எதிர்பார்ப்பது தவறில்லை. ஆனால் கோயில் விழாக்களில் அதிர்வேட்டுப் போடும் இரும்புக் குழாயும் ஒருமுனை அடைபட்டதே. வேட்டுக் குழாய் கனமான சுவர் கொண்டது, திரித்துளை அடிப்பகுதியின் பக்கவாட்டில் இருக்கும். ராக்கெட் குழாயின் புகை வெளியேறும் துளையோ முனையில் இருக்கும். துருவேறிய பின் இவ்வேறுபாடு ஊடுகதிர்ப் படத்தில்தான் தெளிவாகும். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா கோட்டையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ராக்கெட்டுகள் அடையாளம் காணப்பட்டபோது, அவை ஒரே பாழ்ங்கிணற்றில் குவிந்து கிடந்ததும், கிணற்றுச் சேற்றில் வெடிமருந்து நெடி அடித்ததும் குழாயின் உருவத்துக்கு இணையான சான்றுகளாயின.

காசு காலத்தைச் சொல்லும் என்பது பொது நம்பிக்கை. ஆனால் திப்பு 1782 இறுதியில்தான் பட்டத்துக்கு வந்தார் என்பதால், அவருடைய யானைச் சின்னக் காசு ஒரு வயலில் ஈயக் குண்டுகளோடு கிடைத்தால் அது 1767ஆம் ஆண்டுப் போரை உறுதிசெய்யாது. அந்த மண்ணில் குறைந்தது இரண்டு காலங்கள் கலந்திருப்பதையே அறிவிக்கும். கும்பினி 1803இலும் 1808இலும் வெளியிட்ட 10, 20 காசு நாணயங்கள் போர்கள் முடிந்த பிறகு கைமாறியவை. கிரிவலப் பாதையை ஒட்டி அவை கிடைப்பது அடியார் நடமாட்டத்துக்கே பொருந்தும்.

இடம்பெயரும் மண்

போர்க்களத் தொல்லியல் என்ற துறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தபோது, உழவினால் பொருளின் ஆழம் மாறினாலும் பக்கவாட்டில் அது பெரிதும் நகர்வதில்லை என்ற கருத்து அதற்கு அடித்தளமாக அமைந்தது. தமிழக ஏரிப் பாசன ஊர்களில் இதை அப்படியே ஏற்க முடியாது. கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் அடிப்பது இங்கு நெடுங்கால வழக்கம். சதுப்பில் விழுந்த குண்டு வண்டலோடு ஏறி, துப்பாக்கி ஒருபோதும் வெடிக்காத வயலில் இறங்கியிருக்கலாம். சாலை உயர்த்தவும் மனை நிரப்பவும் கொட்டப்படும் கிராவல் மண்ணும் அவ்வாறே. ஆகவே இப்பகுதியில் கள ஆய்வின் முதல் வேலை, எந்த வயலுக்கு எங்கிருந்து மண் வந்தது என்பதை ஊராரிடமும் வருவாய்த் துறை வரைபடங்களிலும் கேட்டறிவதாகும்.

பரவலே சான்று

மெட்டல் டிடெக்டர், தன் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்துக்கு மண்ணிலுள்ள உலோகம் காட்டும் எதிர்வினையை ஒலியாக்கித் தருகிறது. பொழுதுபோக்காகத் தேடுவோர் ஆணிக் குப்பையைத் தவிர்க்க இரும்புக்கு ஒலிக்காதபடி கருவியை அமைத்துக்கொள்கின்றனர். அதனால் லாடமும் ராக்கெட் குழாயும் பீரங்கிக் குண்டும் விடுபட, ஈயமும் காசும் மட்டுமே கையில் மிஞ்சுகின்றன. பிறகு அத்தொகுப்பைப் பார்ப்பவர் இல்லாத ஒரு களத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்.

கருவியே குற்றவாளி என்று இதற்குப் பொருளில்லை. ஜெர்மனியின் கால்கிரீசே பகுதியில் 1987இல் டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இக்கருவியால் கண்ட ரோமானிய வெள்ளிக் காசுகளும் கவண்குண்டுகளும், அவர் தொல்லியலாளரோடு இணைந்து பணியாற்றியதால்தான் ஒரு போர்க்களத்தின் கண்டுபிடிப்பாக விரிந்தன. அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இல் காட்டுத்தீ புல்லை அழித்த பின், ஒவ்வொரு தோட்டாவின் இடமும் குறிக்கப்பட்டு, தோட்டாக் கூட்டிலுள்ள ஊசித் தழும்புகள் ஒப்பிடப்பட்டதால், ஒரே துப்பாக்கி களத்தில் நகர்ந்த வழியைத் தொடர முடிந்தது. இரண்டு இடங்களிலும் அறிவைத் தந்தது பொருள்கள் பரவிக் கிடந்த முறையே ஆகும்.

இந்தியச் சட்டமும் இதே திசையில் செல்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் நூறாண்டு கடந்த தொல்பொருள்களின் விற்பனையை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் ரூபாய் மதிப்பை அளவுகோலாகக் கொண்ட 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில ரூபாய் பெறுமான ஈயக் குண்டு நழுவிவிடுகிறது. போர்க்களத்தின் சான்றோ பெரும்பாலும் இத்தகைய மதிப்பற்ற பொருள்களில்தான் அடங்கியுள்ளது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், அடி அண்ணாமலைக்கு ஏற்ற முறை தெளிவாகிறது. கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு பட்டையையும், அதிலிருந்து விலகி, வெளிமண் கொட்டப்படாத நிலத்தில் மற்றொரு பட்டையையும், இரும்பையும் விடாமல், ஒரே கருவி அமைப்பில் தொல்லியல் துறையின் அனுமதியோடு ஆராய வேண்டும். லாடம், காசு, அணிகலன் ஆகியவை முதல் பட்டையில் மிகுந்து, 17.5 மி.மீ. குண்டுகளும் நசுங்கிய குண்டுகளும் இரண்டாவது பட்டையில் திரண்டு கிடந்தால் போர்க்களம் என்ற முடிவு நிற்கும். இரண்டிலும் எல்லாம் கலந்தே கிடந்தால் அம்முடிவைக் கைவிட வேண்டும். பொய்யாகக்கூடிய இத்தகைய சோதனைக்கு உட்படாத வரை, தனியே தோண்டி எடுத்த எந்தக் குண்டும் 1767இன் குண்டு என்று பெயர் பெறத் தகுதியற்றது.