காணாக் காயமும் நட்டஈடும்

மூளை அதிர்ச்சிக்குப் பின் தலைச்சுற்றல், மறதி, உறக்கமின்மை என்பன மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. வெளியே தழும்பேதுமில்லாத இத்துன்பத்தை உலகம் எளிதில் நம்பிவிடவில்லை.

புகையிரத விபத்துக்களில் உயிர்தப்பியோரிடம் இக்குறிகளைக் கண்ட இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் எரிக்சன், முள்ளந்தண்டு அதிர்ச்சியே காரணமென 1866இல் எடுத்துரைத்தார். நட்டஈடு கோரியோருக்கு அது துணையாயிற்று. புகையிரதக் கம்பனியொன்றின் மருத்துவரான பேஜ், 1883இல், பெரும்பாலும் அச்சமே காரணமென மறுத்தார்.

முதலாம் உலகப்போரிலும் இவ்வினா மீண்டும் எழுந்தது. எதிரியின் குண்டுவெடிப்பால் அதிர்ச்சியுற்றவனைக் காயமுற்றோனாகவும், ஏனையோனை நோயாளியாகவும் பிரித்தானிய இராணுவம் பதிந்தது. மதிப்பும் ஓய்வூதிய உரிமையும் முன்னவனையே சார்ந்தன. 1934இல் ஸ்ட்ரோஸ், சவிற்ஸ்கி என்னும் மருத்துவர் இருவர் இக்குறிகளை மூளைக் காயத்தின் விளைவென வாதிட்டனர்.

உடலும் மனமும் இதில் பின்னியுள்ளன என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து. ஆயின், ‘உடலா, மனமா’ என்ற அன்றைய வினா மருத்துவ வினா மட்டுமன்று. இழப்பை எவர் சுமப்பது என்ற வினாவுமாகும்.