மாட்டராசி வந்த கதை

2014இல் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்கு இத்தாலியின் மார்கோ மாட்டராசி பயிற்சியாளர் என்று செய்தி வந்ததும், எங்கள் அடையாறு நண்பர்களுக்குள் இரண்டு கட்சி உண்டாயிற்று. உலகக் கோப்பை வென்றவரே வருகிறார் என்றது ஒன்று. ஆடத் தெரிந்தவருக்கெல்லாம் ஆட்டுவிக்கத் தெரியுமா என்றது மற்றது.

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு மனத்தாங்கல் வேறு. 2006 ஜூலை 9, பெர்லின் இறுதியாட்டத்தில் ஜிதான் தலையால் முட்டியது இவர் மார்பில்தான். சீண்டியவர் இவர், சிவப்பு அட்டை ஜிதானுக்கு, கோப்பை இத்தாலிக்கு.

ஆனால் அந்த பிரான்ஸ் அணியில் இருந்த சில்வெஸ்டரே 2014இல் இவரிடம் வந்து ஆடினார். அவருக்கில்லாத கோபம் எனக்கெதற்கு?

2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு கரை புரண்டது. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போயிற்று. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதியாட்டம். கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கியவர்கள், 3-2 என்று முடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள்.

ஜிதான் விஷயத்தில் என் மனம் இன்றும் ஆறவில்லை. ஆனாலும், வீட்டில் சேறு வழித்துக்கொண்டிருந்த ஊருக்கு ஒரு நல்ல சேதி தந்தவர் என்பதையும் வரவில் எழுதத்தான் வேண்டும்.