சிற்பியின் தார்மீக உரிமை

விற்றுக் கைமாறிய பிறகும் ஓர் ஓவியத்தின் மீதோ சிற்பத்தின் மீதோ அதைப் படைத்தவருக்கு எஞ்சி நிற்கும் உரிமையே தார்மீக உரிமை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் ரோம் மாநாட்டின்போது இது இடம்பெற்றது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. பதிப்புரிமை என்ற சொல்லில் அச்சு மை மணக்கிறது. ஆனால் வெண்கல வார்ப்புக்கும் இதே சட்டம்தான். பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட கலைஞரும், படைப்பு தன்னுடையது என்று கோரலாம். அதைச் சிதைத்தவர் மீது வழக்குப் போடலாம்.

சட்டம் வந்த அதே 1957இல், தில்லி விஞ்ஞான் பவனின் முகப்புக் கூடத்துக்கு வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்றைச் செய்யும் பணியை அரசு சிற்பி அமர்நாத் சேகலிடம் ஒப்படைத்தது. 140 அடிக்கு 40 அடி என்ற அளவில் விரிந்த அந்தச் சிற்பம் 1962இல் முடிந்தது. 1979இல் சேகலிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். சில பாகங்கள் காணாமல்போயின. சிற்பியின் பெயரும் அழிந்தது.

சேகல் 1992இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். காசு கொடுத்து வாங்கிய பொருளை என்ன செய்தால் என்ன என்பது அரசுத் தரப்பின் வாதம். 2005 பிப்ரவரி 21 அன்று நீதிபதி பிரதீப் நந்த்ரஜோக் அதை ஏற்க மறுத்தார். முழுமையாக அழிப்பதும் சிதைப்பதன் உச்சமே என்றார். எஞ்சிய துண்டுகளைச் சிற்பியிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டார். கேட்டது 50 லட்சம். 13 ஆண்டு காத்திருப்புக்கு இந்தத் தொகை சிறிதுதான். துண்டுகள் திரும்பியதே பெரிது.

வழக்கு நடக்கும்போதே, 1994இல், 57ஆம் பிரிவைத் திருத்திச் சுருக்கிவிட்டார்கள். வெறும் மாற்றம் போதாது, கலைஞரின் மதிப்புக்கோ நற்பெயருக்கோ ஊறு நேர வேண்டும் என்றானது. படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் விடுவதும் மீறல் ஆகாது.

முழுமையாக அழிப்பது பற்றிய கேள்வி பின்னர் ஒரு கட்டடத்துக்காகவும் எழுந்தது. தில்லி பிரகதி மைதானத்தில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைத்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கட்டடத்தை 2017இல் இடித்தார்கள். அவர் தொடுத்த வழக்கை அதே நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. சிதைந்த உருவம் கண்ணெதிரே நின்றால்தான் பெயர் கெடும், முற்றாக இடித்தபின் பார்க்க எதுவுமே இல்லையே என்பது தீர்ப்பின் தர்க்கம்.