படச்சட்டத்தின் நான்கு மூலைகள்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் படச்சட்டத்தின் மூலையை உற்று நோக்கியதுண்டா? 45 பாகையில் அறுத்த இரு மரத்துண்டுகள் அங்கே கூடுகின்றன.

இடைக்கால ஐரோப்பாவில் ஓவியத்தை மரப்பலகைமீதே தீட்டினர். சட்டமும் பெரும்பாலும் பலகையோடு ஒன்றியே இருந்தது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில், யான் வான் ஐக் தீட்டிய செந்தலைப்பாகை மனிதரின் ஓவியம் இன்றும் தன் மூலச் சட்டத்துடனேயே உள்ளது. 1433 அக்டோபர் 21 என அதில் நாளும் பொறிக்கப்பட்டுள்ளது. பின்னர்த் துணியில் தீட்டும் வழக்கம் பரவவே, சட்டம் தனிப்பொருளாயிற்று.

தச்சருக்குத் தொல்லை மூலையில்தான். வெட்டுமுகத்தில் மரநாரின் நுனிகள் திறந்திருப்பதால் பசையை உறிஞ்சிவிடும். எனவே முதலில் ஒரு மெல்லிய பூச்சு, பின்னரே ஒட்டும் பூச்சு. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைச் சூடு ஆறுமுன் பூசி இறுக்கியாக வேண்டும். 1912இல் ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்ட பாலிவினைல் அசிட்டேட்டின் வழிவந்த வெள்ளைப் பசை அவ்வளவு அவசரப்படுத்தாது, ஆனால் வழுக்கும். ஆகவே நான்கு மூலைகளையும் ஒருசேரக் கயிற்றாலோ பட்டையாலோ சுற்றி இறுக்குவதே நன்று. மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என அளந்து பார்க்க வேண்டும் (கணிதப் பாடமும் ஆயிற்று!).

இவ்வளவு செய்தும் மூலை பிளக்கலாம். மரம் உலர்ந்து அகலம் குறைந்தால் உட்புறம் திறக்கும். ஈரத்தில் பருத்தால் வெளிப்புறம் திறக்கும். கைவினைப் போட்டியில் இதற்காகப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மூலையின் குறுக்கே ஒரு காடி அறுத்து, மெல்லிய மரச்சில்லைப் பசையிட்டுச் செருகினால் பிடிப்பு கூடும்.