கிள்ளான் சதுப்பு நிலம் கற்பித்த பாடம்

வேலையிடத்தில் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால், "அவர் ஏன் கவனமாக இருக்கவில்லை?" என்பதே நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவே என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. இந்நாட்டின் தொழிலாளர் வரலாற்றைப் புரட்டினால் வேறோர் உண்மை புலப்படும். ஆபத்து பெரும்பாலும் இடத்தில் இருக்கிறது. அதனை அகற்றும் பொறுப்பு அவ்விடத்தை நடத்துபவருடையது. இவ்வுண்மையை உணர நம் முன்னோர் கொடுத்த விலை மிகப் பெரிது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் அவசியம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

மலாயாவின் தொடக்ககாலப் பாதுகாப்புச் சட்டங்கள் இயந்திரங்களையே கருத்தில் கொண்டிருந்தன. 1892-இல் சிலாங்கூரில் நீராவிக் கொதிகலன்களுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1914 முதல் கூட்டு மலாய் மாநிலங்களில் பிற இயந்திரங்களும் கண்காணிப்பிற்குள் வந்தன. ஆனால், காட்டை அழித்து இரப்பர் நட்ட தமிழ்த் தொழிலாளியைக் கொன்றது கொதிகலன் அன்று, கொசு. தேங்கிய நீரும் குளிர்காய்ச்சலும் அவன் வேலையிடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தன.

மலேரியா கொசுவினால் பரவுகிறது என்பதற்கான அடிப்படைச் சான்றினை ரொனால்ட் ராஸ் 1897-இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில், அதாவது 1901-இல், மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்) துறைமுகமும் திறக்கப்பட்டது. அவ்வாண்டில் கிள்ளானிலும் துறைமுகத்திலும் இறந்தோர் 582 பேர். அவர்களுள் 368 பேரைக் காய்ச்சலே கொண்டு சென்றது.

கவனமாக இருக்குமாறு வாட்சன் தொழிலாளர்களுக்கு அறிவுரை கூறியதோடு நின்றுவிடவில்லை. சதுப்பு நிலங்களில் வடிகால்கள் வெட்டப்பட்டன, பள்ளங்கள் நிரப்பப்பட்டன, குடியிருப்புகளைச் சூழ்ந்திருந்த காடு அழிக்கப்பட்டது. 1902-இல் இறப்பு 144 ஆகக் குறைந்தது. அவற்றுள் காய்ச்சலால் நேர்ந்தவை 59. 1905-இல் மொத்த இறப்பு 113, காய்ச்சலால் 45. தொழிலாளர்கள் ஓராண்டில் திடீரென்று அதிகக் கவனசாலிகளாகி விட்டார்களா? இல்லை. மாறியது இடம்.

அடுத்து நிகழ்ந்ததும் நம் சிந்தனைக்குரியது. கடலோரச் சமவெளியில் காட்டை அழித்ததும் மலேரியா தணிந்தது. குன்றுப் பகுதித் தோட்டங்களிலோ காட்டை அழித்த பின்னர்தான் அது பெருகியது. சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு, காட்டு நிழலிலுள்ள சதுப்பு நீரில் முட்டையிடுவது. குன்றுப் பகுதியின் கொசுவோ, வெயில்படும் தெளிந்த ஓடைநீரை நாடுவது. ஆகவே, அங்கே நிலத்தடிக் குழாய்களின் வழி நீரை வடிக்கவும் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கவும் நேர்ந்தது. ஒரே மருந்து எல்லா இடத்திற்கும் பொருந்தாது. முதலில் ஆபத்தை அடையாளம் காண வேண்டும், அதன் இயல்பை ஆராய வேண்டும், பின்னரே தீர்வு. இதனைத்தான் இன்றைய பாதுகாப்புத் துறையினர் 'இடர் மதிப்பீடு' என்கின்றனர்.

இப்பாடம் எளிதில் மறக்கப்பட்டது. பிற்காலத்தில் தோட்டங்களில் களைக்கொல்லி மருந்தடிக்கும் வேலையைப் பெரும்பாலும் நம் பெண்களே செய்தனர். பாராகுவாட் போன்ற நஞ்சினை முதுகில் சுமந்து தெளித்த அவர்களிடம் முகமூடி அணியுமாறு சொல்வது எளிது. கொளுத்தும் வெயிலில் நாள் முழுவதும் அதனை அணிந்து வேலை செய்வது எளிதன்று. அப்பெண்கள் அடைந்த உடல்நலக் கேடுகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆய்வாக வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பாராகுவாட்டைத் தடைசெய்ய அரசாங்கம் முடிவெடுத்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாளன்றுதான்.

தொழிற்சாலைகளின் கதையும் இத்தகையதே. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் நாட்டின் தொழிலாளர்களில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினரை மட்டுமே காத்தது. வயலில் மருந்தடித்தவரும் வகுப்பறையில் பாடம் நடத்தியவரும் அவ்வட்டத்தினுள் இல்லை. 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று வெடித்துச் சிதறியது. 26 உயிர்கள் பலியாயின. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சுற்றியிருந்த வீடுகளும் சேதமுற்றன. பாதுகாப்பு ஏற்பாடுகளில் இருந்த ஓட்டைகளை நாடே கண்டது. 1992-இல் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம் (நியோஷ்) தோன்றியது. 1994-இல் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. ஆபத்தை உருவாக்குபவரே அதனைக் கட்டுப்படுத்தும் கடமையுடையவர் என்பது இச்சட்டத்தின் உயிர்நாடி. 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சில விலக்குகள் நீங்கலாக, எல்லா வேலையிடங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. இடர் மதிப்பீடு முதலாளியின் கடமையாக எழுதப்பட்டுள்ளது. கடமை தவறும் முதலாளிக்குரிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது.

"இவையெல்லாம் வீண்செலவு, பாரங்கள் நிரப்புவதற்கே நேரம் போதவில்லை" என்போர் உண்டு. பாரம் நிரப்புவதே பாதுகாப்பு என்று கருதினால் அவர்கள் கூற்று சரியே. கிள்ளானில் உயிர்களைக் காத்தது பாரம் அன்று, வடிகால். வடிகால் வெட்டப் பணம் செலவானது உண்மைதான். வெட்டாதபோதும் செலவு இருந்தது. அதனை 1901-இல் உயிரிழந்தவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் செலுத்தினர்.

பள்ளியும் ஒரு வேலையிடமே. ஆசிரியர், தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர், சிற்றுண்டிச்சாலைப் பணியாளர் என எத்தனையோ பேர் அங்கே உழைக்கின்றனர்; நம் பிள்ளைகளும் அங்கேயே நாளைக் கழிக்கின்றனர். கூரை ஒழுகி நடைபாதை வழுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 'கவனம், தரை ஈரம்' என்று பலகை வைப்பது ஒரு வழி. கூரையைப் பழுதுபார்ப்பது மற்றொரு வழி. முதலாவது தற்காலிக உதவி. இரண்டாவதே பாதுகாப்புத் திட்டம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நாம் கேட்க வேண்டியது, "எத்தனை பலகைகள் வைத்தோம்?" என்பதன்று, "எத்தனை ஆபத்துகளை அகற்றினோம்?" என்பதே.

நாளை நம் மாணவர்கள் தொழிற்சாலைக்கோ கட்டுமானத் தளத்திற்கோ அலுவலகத்திற்கோ வேலைக்குச் செல்வர். கவனமாக இருக்கக் கற்றுக் கொடுப்பதோடு, இடம் பாதுகாப்பாக இல்லையெனில் அதனை அஞ்சாமல் எடுத்துச் சொல்லவும் கற்றுக் கொடுப்போம்.