பழுப்புக் குழலும் கடற்காற்றும்: புதுச்சேரித் துப்பாக்கிகளின் துருவை வாசித்தல்

துப்பாக்கியின் இரும்புக் குழலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றுவது, துருவை அளவோடு வளர்த்து, வேண்டிய கட்டத்தில் நிறுத்தும் தொழில்நுட்பம். கடற்கரை நகரமான புதுச்சேரியில் இரும்பு தானாகவே பழுப்பேறும். ஆகவே, அங்குக் கிடைக்கும் பழைய பிரெஞ்சுக் குழல் ஒன்றின் பழுப்பை அதன் தொன்மைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

பட்டறை முறையில் குழலின் இரு வாய்களும் மரக்கட்டையால் அடைக்கப்படும். சுண்ணாம்பால் தேய்த்து எண்ணெய்ப் பசை முற்றிலும் நீக்கப்படும். கைரேகை பட்ட இடத்தில்கூட நிறம் பிடிக்காது. பின்னர் வெடியுப்புத் திராவகம், மயில்துத்தம், வீரம் முதலியவற்றைச் சாராயத்திலும் நீரிலும் கலந்த கரைசல் துணியால் மெல்லியதாகப் பூசப்படும். ஈரப்பதமுள்ள அறையில் பல மணி நேரம் வைத்தால் மென்துரு படியும். ஒட்டாத துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி மீண்டும் பூச வேண்டும். நிறம் சீராகும்வரை இது பல நாள் தொடரும். இறுதியில் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் அமிலத்தை முறித்து, சூடு ஆறுமுன் ஆளிவிதை எண்ணெயோ தேன்மெழுகோ தேய்ப்பர். வீரம் பாதரச நஞ்சாதலால் அது சேர்ந்த கலவைகளைக் கையாள்வது ஆபத்தானது.

இவ்வாறு உருவாகும் படலம் பெரும்பாலும் நீரேறிய இரும்பு ஆக்சைடு. ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் குழலைக் கொதிநீரில் இட்டால் அது கருநிற மேக்னடைட்டாக மாறும். கருநீல மெருகு அவ்வழியில் பெறப்படுவது. பழுப்புப் படலம் நுண்துளைகள் உடையது. ஈரத்தைத் தானாகத் தடுக்காது. துளைகளில் தங்கும் எண்ணெயும் மெழுகுமே உண்மையான காப்பு. அவை வற்றினால் துரு மீண்டும் வளரும்.

புதுச்சேரியில் இந்த வளர்ச்சிக்கு இரண்டு துணைகள் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைக் கடந்தால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூர்மையாக ஏறும். அதனுடன் கடற்காற்று கொணரும் குளோரைடு, துருவின் அடியில் சேர்ந்து உலோகத்தைக் குழிகுழியாக அரிக்கிறது. பட்டறைக்கு ஈரம் வேண்டும், உப்பு ஆகாது. இந்நகரின் காற்றில் இரண்டும் கலந்தே வருகின்றன.

பழுப்பைத் தொன்மைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையை வரலாறும் தருகிறது. 1777 மாதிரி உள்ளிட்ட 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காலாட்படைத் துப்பாக்கிகளின் குழல்கள் தீட்டிப் பளபளப்பாக வைக்கப்பட்டவை. ஆங்கிலேயப் படையில் 1800-இல் ஏற்கப்பட்ட பேக்கர் ரைபிளின் குழல் பழுப்பேற்றப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் இவ்வழக்கம் சாதாரணக் காலாட்படைத் துப்பாக்கிகளுக்கும் பரவியது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியோ 1761, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1814 ஒப்பந்தப்படி 1816-இல் பிரான்சுக்குத் திரும்பியது. ஆகவே அங்குக் கிடைக்கும் துப்பாக்கி எந்தத் தரப்பினதாகவும் இருக்கலாம். சுடும் பொறியான பூட்டில் சார்லவில், சாந்தெத்தியன், மொபேஜ் ஆகிய ஆலைகளில் ஒன்றின் பெயர் இருப்பின் அது பிரெஞ்சுப் படைக்கலம். இதய வடிவ வணிக முத்திரை இருப்பின் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது.

பட்டறைப் பழுப்பு மெல்லியது, சீரானது. அடியிலுள்ள உலோகம் வழவழப்பாகவே இருக்கும். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த குழலில் இரண்டும் வேறு வேறு அடர்த்தியில் நிறமேறுவதால் வரிக்கோலம் தெளிவாகத் தெரியும். கடற்காற்றுத் துருவில் குழிகளும் உதிரும் செதில்களும் காணப்படும், கோலம் மங்கும்.

இவ்வேறுபாட்டைச் சோதிக்காமல், பழைய தோற்றம் வேண்டிக் குழலைத் தேய்த்துப் பழுப்பேற்றினால் முத்திரைகள் அழியும். ஒருபோதும் பழுப்பாக இல்லாத பிரெஞ்சுக் குழலுக்குப் பொய்யான வரலாறும் ஏறும். அத்தகைய குழலுக்கு உப்பு நீக்கி, உலர்த்தி, மெழுகு பூசுவதே போதும், பழுப்பேற்றல் கூடாது.