குமுட்டி அடுப்பும் மேல்மாடியும்

அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் கரி மூட்டி இறைச்சி சுடக் கூடாது என்றால், அது சங்கக்காரர்களின் கெடுபிடி என்றே பலரும் முணுமுணுக்கிறார்கள். அந்தக் கெடுபிடிக்கு வயது ஆயிரத்து எண்ணூறு ஆண்டு. பழைய ரோமில் சாமானியர்கள் இன்சுலா எனப்பட்ட பலமாடிக் கட்டடங்களில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். தெருமட்டத்தில் கடைகள் இருக்கும். மேலே ஏற ஏற அறையும் சிறுக்கும், வாடகையும் குறையும். பெரும்பாலான மேல்மாடிகளில் சமையலறை கிடையாது. சூடாக்கவும் குளிர்காயவும் குமுட்டி அடுப்புதான். கி.பி. 6-இல் அகஸ்டஸ், தீயணைப்புக்கும் இரவுக் காவலுக்குமாக விஜிலெஸ் என்ற படையை அமைத்தார். அதன் தலைவருக்கு இருந்த அதிகாரங்களைச் சட்ட அறிஞர் பவுலுஸ் பிற்பாடு எழுதிவைத்தார். 533-இல் வெளியான ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் அது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நெருப்பை அசட்டையாக வைத்திருந்தவருக்குப் பிரம்படி கொடுக்கலாம். குடித்தனக்காரர் ஒவ்வொருவரும் மேல்மாடி அறையில் தண்ணீர் வைத்திருக்கும்படி எச்சரிக்க வேண்டும்.

பிரம்படியும் தண்ணீரும் குடித்தனக்காரர் தலையில்தான் விழுகின்றன. மலிவாகக் கட்டி வாடகை வாங்கியவரைப் பற்றி இந்த இடத்தில் பேச்சே இல்லை. அடுப்பைக் கட்டுப்படுத்தும் விதி பெரும்பாலும் கட்டடத்தின் குறைக்கு ஈடாக வருவது என்று நான் கருதுவது இதனால்தான். ரோம் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்தியதே என்று மறுக்கலாம். உண்மைதான். அகஸ்டஸ் உயரத்துக்கு 70 ரோமானிய அடி வரம்பு வைத்தார். டிராஜன் அதை 60 ஆக்கினார். 64-இல் நகரம் எரிந்தபின் நீரோ, வீட்டுக்கு வீடு பொதுச்சுவர் கூடாது, குறிப்பிட்ட பகுதிகளை மரமில்லாமல் கல்லால் கட்ட வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டார். (நீரோவைப் பாராட்ட ஆள் குறைவு, இதற்குப் பாராட்டலாம்.) அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய பவுலுஸ், மேல்மாடியில் தண்ணீரை இன்னும் கேட்கிறார். கல்லால் கட்டச் சொன்ன சட்டம் எல்லா மாடிகளையும் எட்டியிருந்தால் அதற்குத் தேவை இருந்திராது.

அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீயணைப்பு விதித்தொகுப்பு, அடுப்பு விதிக்கும் கட்டடத்துக்கும் உள்ள இந்த உறவை வெளிப்படையாகவே சொல்கிறது. எரியக்கூடிய பால்கனியிலோ, எரியக்கூடிய கட்டுமானத்துக்குப் பத்தடிக்குள்ளோ கரி அடுப்பு கூடாது. ஆனால் கட்டடத்திலும் பால்கனியிலும் தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்தால் விலக்கு உண்டு. கரியும் கறியும் அதேதான். கட்டடம் மாறினால் அனுமதியும் மாறுகிறது. தனிவீட்டுக்கும் விலக்கு உண்டு.

அப்படியானால் கான்கிரீட் கட்டடத்தில் எதுவும் செய்யலாமா? இல்லை, கரிக்குச் சுவரைச் சாராத ஆபத்து ஒன்று உண்டு. பின்னாளில் பேரரசரான ஜூலியன், பாரிசில் கழித்த ஒரு குளிர்காலத்தில் அறைக்குள் கரிக்கங்கு கொண்டுவரச் செய்து, மூச்சுத்திணறிச் சாகக் கிடந்ததைத் தாமே எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் வந்த ஜோவியன் 364-இல் தூக்கத்திலேயே இறந்ததற்கும் கரிப்புகை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடைத் தெளிப்பான் தண்ணீர் தடுக்காது. மழை வந்ததும் பாதி அணைந்த அடுப்பை உள்ளே இழுத்து வைப்பவருக்கும் அதே கதிதான். ஆகவே அறைக்குள் கரி கூடாது என்பதில் விலக்கே வேண்டாம். பால்கனிக்குத் தடை போடும் சங்கம் மட்டும், அந்தப் பால்கனியும் அதன் மேல்பூச்சும் எதனால் ஆனவை, தெளிப்பான் உண்டா என்பதையும் அதே அறிவிப்பில் எழுதட்டும்.